காற்று இறக்க என்ன ரேட்டு

தேனூர் விலக்கில், ரயில் பாலத்துக்கு
இருபது தப்படி தள்ளி என் பஞ்சர் கடை.
பலகை வைத்திருக்கிறேன்:
சைக்கிளுக்கு இவ்வளவு, பைக்குக்கு இவ்வளவு,
லாரிக்குப் பேசிக்கொள்ளலாம்.
எல்லாம் காற்று ஏற்ற.

பாலத்திலும் ஒரு பலகை உண்டு.
மூன்று புள்ளி ஆறு மீட்டர்.
எழுதினவன் பொய் எழுதவில்லை.
அதற்கப்புறம் நாலு தேர்தல் வந்தது,
நாலு தடவை தார் போட்டார்கள்.
பாலம் நின்ற இடத்தில் நிற்கிறது,
ரோடுதான் ஏறி ஏறி
அதன் தாடையைத் தொடப் பார்க்கிறது.

கர்டருக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள்.
ஒரு பச்சை, ஒரு காவி, பால்வண்டி நீலம்,
போன ஆடியில் ஆம்னி பஸ்ஸின் ஏசிப் பெட்டி
இழுத்துப் போன வெள்ளைக் கோடு.
ஒரு லாரியின் நெற்றியிலிருந்து பிய்ந்த ‘துணை’
என் கடைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
எந்தச் சாமியோ,
துணையில்லாமலே திருமங்கலம் போய்விட்டது.

வைக்கோல் லாரி மட்டும் மாட்டுவதில்லை.
ஓர் உரசல்,
இரும்பில் நாலு தாள் தொங்கும்,
மறுநாள் மைனா எடுத்துப் போகும்.

சேவுகப்பெருமாள் காலையில் வந்தான்,
சோழவந்தான் மில்லுக்கு நெல் மூட்டை.
கிளீனர் இறங்கி ‘வா வா வரலாம்’ என்று நடக்க,
தார்ப்பாய்க் கம்பிக்கும் கர்டருக்கும் நடுவே
தீப்பெட்டி அளவு வெளிச்சம்.
போய்விட்டான்.

சாயங்காலம் வெறும் வண்டி.
காலையில் வந்த வழிதானே என்று
பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.
கேபின் நுழைந்தது. உடம்பு நுழையவில்லை.
என் டீ கிளாஸில் வட்டம் வட்டமாய் அலை.

‘இதே வண்டிண்ணே, இதே பாலம்ணே!’
அடியில் குனிந்து பட்டைகளைக் காட்டினேன்.
பாரம் இருந்தப்போ தணிஞ்சு போச்சு தம்பி,
இறக்கினதும் நிமிர்ந்திருச்சு.
வண்டியை அன்றுதான் பார்க்கிறவன் மாதிரி
பார்த்துக்கொண்டு நின்றான்.

வால்வைக் கழற்றினேன்.
நாமக்கல் காற்று, துவரங்குறிச்சிக் காற்று,
எந்தெந்தக் கம்ப்ரஸர் காற்றோ,
எல்லாம் என் முகத்தில்.
இன்னும் ஒரு விரல் வேண்டும்.
இதற்குமேல் இறக்கினால் ரிம் உட்காரும்.

பின்னால் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, ஹாரன்.
மேலே கீமேன் ஞானதுரை, சுத்தியலும் சிவப்புக் கொடியுமாக:
‘பாசஞ்சரை சமயநல்லூர்லயே நிறுத்தியாச்சு,
சீக்கிரம் எடுங்கப்பா.’

யார் முதலில் ஏறியது என்று இன்றைக்கும் தகராறு.
பாக்கியத்தாய் என்கிறார்கள்.
கல்யாண வீட்டுக்குப் பிச்சிப்பூ கொண்டு போனவள்,
‘மூட்டைதானய்யா வேணும்?’ என்றாளாம்.
அப்புறம் டியூஷன் பிள்ளைகள்,
சிமெண்ட் காயாத கையோடு கொத்தனார்கள்,
லத்தியைக் கக்கத்தில் இடுக்கி ஏட்டு பூலோகம்.
நிறைமாசக்காரி ஒருத்தி
‘நான் ஏறினா கணக்குல ரெண்டு’ என்றாள்,
ஏற விடவில்லை.
வட்டிக்கு விடும் செல்லையாவும்
அவரைக் கண்டால் சந்து மாறும் மூன்று பேரும்
ஒரே பலகையில் முட்டியோடு முட்டி.

‘உட்காருங்க, தலை பத்திரம்!’

பட்டைகள் முனகின.
காலையில் பார்த்த அதே தீப்பெட்டி வெளிச்சம்
கர்டருக்குக் கீழே வந்து நின்றது.
வயிற்றுப்பிள்ளையைத் தூக்கிப் போகிறவன் போல
அங்குலம் அங்குலமாய் உருட்டினான் சேவுகப்பெருமாள்.

வெளியே வந்தும்
கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.
தலைக்கு மேல் பாசஞ்சர் நடந்து போனது.
ஜன்னலில் ஒரு பையன்
லாரியில் குந்தியிருக்கும் ஊரைப் பார்த்துக் கை ஆட்டினான்,
ஏட்டும் ஆட்டினார்.

காற்று ஏற்ற ஒண்ணரை மணி நேரம்.
காசு எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்:
‘இறக்கினதுக்கு எவ்வளவுண்ணே?’
பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
அதற்கு ரேட்டு எழுதியிருக்கவில்லை.

நேற்று மேலூரிலிருந்து போன் பண்ணினான்.
வண்டி மூலையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்,
கொஞ்சம் வாடின பிச்சி,
இடது கால் செருப்பு ஒன்று கிடக்கிறதாம்.

செருப்பு செல்லையாவுடையது.
ஊரில் இன்னும் யாரும்
அவரிடம் சொல்லவில்லை.